இழுத்தும் கிளம்பாத மிஷினும் ஏற்றியும் ஏறாத பேட்டரியும்

உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, ஆனைமலை வரைக்கும் எந்தத் தோப்புக்குள் போனாலும், தோட்டத்து வீடான சாளையின் ஒரு மூலையில் உர மூட்டைகளுக்கு நடுவே மரம் அறுக்கும் செயின்சா ஒன்று கிடப்பதைப் பார்க்கலாம். முன்பெல்லாம் மரம் வெட்ட ஆள் வருவார், மிஷினையும் அவரே கொண்டுவருவார். 2016-ல் சுருள் வெள்ளை ஈ வந்தது. கேரளப் பக்கமிருந்து வேர்வாடல் நோயும் இறங்கியது. காய்ப்பு விட்டுப்போன தென்னைகளை வரிசை வரிசையாகச் சாய்க்க வேண்டிய நிலை. ஆளுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் பலர் சொந்தமாகவே மிஷின் வாங்கினார்கள். ஒரு பருவம் அறுத்தார்கள், டேங்கில் பெட்ரோலோடு அப்படியே மூலையில் வைத்தார்கள். அடுத்த வருஷம் கயிற்றை இழுத்தால் கிளம்பவில்லை. "மிசினு செத்துப்போச்சுங்க, எடைக்குத்தான் போடோணும்" என்று முடிவும் கட்டிவிட்டார்கள்.

அப்படி முடிவு கட்டிய மிஷின்கள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றன. வாரநாளில் எனக்கு நூல்மில்லில் எலக்ட்ரீசியன் வேலை. இது முழுக்க ஆசைக்குச் செய்வது. கூலி வாங்குவதில்லை, சாமானுக்கு ஆன காசு மட்டும். செயின்சா பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பேட்டரி டிரில், பேட்டரி ரம்பம், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டன. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யச் செய்ய எனக்கு ஒன்று தெளிவானது. செத்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவருகிற செயின்சா பெரும்பாலும் சாகவில்லை. "கொஞ்சம் சார்ஜ் ஏத்துனாப் போதும்" என்று கொண்டுவருகிற பேட்டரிக்குள்தான் நிஜமாகவே செத்த செல் இருக்கிறது. மிஷினை விடாப்பிடியாகத் துரத்திப் பிழைக்க வைக்க வேண்டும். பேட்டரியில் எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

மிஷின் வந்ததும் ஸ்குரூடிரைவரைத் தொடுவதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். நல்ல பெட்ரோல் காட்டமாக மூக்கில் ஏறும். மாசக்கணக்கில் கிடந்ததில் அந்தக் காட்டம் போய் வார்னிஷ் வாடை அடிக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். தினமும் ஓடும் பைக்கில் டேங்க் காலியாகிக் காலியாகி நிரம்புவதால் பெட்ரோல் கிடந்து கெட நேரமில்லை. வருஷத்தில் சில நாள் ஓடி மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கும் செயின்சாவுக்குத்தான் வினை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போய்ச் சேர வேண்டும். அடியில் தங்கிய கலவையிலோ ஆயில் இல்லை. அதைக் குடித்து ஓடினால் பிஸ்டன் வறண்டு உரசும்.

நம்பாதவர்களுக்குச் செய்து காட்டுவேன். ஓர் அளவுக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், கொஞ்ச நேரத்தில் அடித்தட்டு 10-ல் நிற்காமல் ஏறக்குறைய 30 வரை ஏறி நிற்கும். பெட்ரோலுக்குள் இருந்த எத்தனாலில் பெரும்பகுதி தண்ணீர் பக்கம் ஓடிவந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்ணால் பார்த்தவரிடம் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கிற வரைக்கும் மிஷினை ஓட விட்டு வையுங்கள் என்று இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். மிஷினைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடித்து அறுக்க வேண்டியிருப்பதால் பைக்கில் உள்ள மிதவை இங்கே வேலைக்கு ஆகாது. அதற்குப் பதிலாக டயாப்ரம் என்னும் மெல்லிய சவ்வு இரண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள கிராங்க் அறையில் அழுத்தம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பை வாங்கிக்கொண்டு ஒன்று டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இன்னொன்று எஞ்சின் கேட்கிற அளவுக்கு ஊசி வால்வைத் திறந்து மூடுகிறது. இரண்டையும் கண்டுபிடித்தவரை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது. மோட்டாரும் இல்லாமல் மிதவையும் இல்லாமல், எஞ்சின் விடுகிற மூச்சை வைத்தே அதற்குத் தீனி போடுகிறார்கள். பழைய பெட்ரோலில் ஊறிக் காய்ந்த டயாப்ரம் விறைத்துப் போகும். நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும். நல்லதில் சத்தமே இருக்காது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் இடத்தில் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக ஒரு சல்லடை உண்டு. அதில் அடைத்திருக்கும் பசையைக் கழுவி, டயாப்ரம் செட்டையும் டேங்க் ஃபில்டரையும் இளகிப்போன டியூபையும் மாற்றினால், சாவுக் கணக்கில் எழுதிய மிஷின்களில் பெரும்பங்கு இந்த இடத்திலேயே எழுந்துவிடும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர். மேக்னட் வீலுக்கும் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்கும் நடுவே 0.3 இருக்க வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி வைத்துக் காயிலை முடுக்கினால் சரியாக வரும்.

முழுக் கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டு ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கி மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறு வேறிடத்தில் இருந்தால் புதுக் கார்புரேட்டர் அதை மறைத்துத்தான் வைக்கும்.

தளி ரோட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த மிஷின் அப்படித்தான். "ஏங்கண்ணு, இது பாட்டுக்கு வீல்னு கத்துது, மரத்துல வெச்சாப் பொசுக்குனு நின்னுக்குது. கார்பரேட்டரே புதுசு போட்டாச்சு, அப்பவும் இதே கதைதான்" என்றார். கிளப்பிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகும் ஓட்டம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனது. கேட்பவர்களுக்கு மிஷின் பலமாக இருப்பதுபோலத் தோன்றும். எங்கேயோ வேண்டாத காற்று உள்ளே போகிறது, பெட்ரோலும் ஆயிலும் போதாமல் எஞ்சின் காய்ந்து ஓடுகிறது, அதனால்தான் அந்தக் கத்தல். அப்படியே இன்னும் நாலு மரம் அறுத்திருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருக்கும்.

சைலன்ஸரின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் புகைபோகும் துவாரம் வழியே பிஸ்டன் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தோம். நல்ல வேளை, மேலிருந்து கீழாகக் கோடு விழவில்லை. இனிக் காற்று எங்கே புகுகிறது என்று பார்க்க வேண்டும். சைலன்ஸர் துவாரத்தைப் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்து அதன் மேலேயே சைலன்ஸரை முடுக்கி அடைத்தேன், கார்புரேட்டர் பக்கத்தையும் அதேபோல் அடைத்தேன். பிளக் ஓட்டையில் ஒரு நிப்பிளைப் போட்டு, ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்ப்பார்களே, அந்தப் பி.பி. மீட்டரின் பல்பையும் டயலையும் மாட்டினேன். முள் 250-க்கு வரும்வரை அமுக்கினால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை, கண்ணெதிரே இறங்கியது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே வந்ததில், மேக்னட் வீலுக்குப் பின்னால், காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது.

"சீலு காத்து வாங்குதுங்க பெரியப்பா."

"அத்தனைக்கும் இதா?" என்று கேட்டுவிட்டு அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாற்றிய சீல் இரண்டும் சேர்ந்து புதுக் கார்புரேட்டர் விலையில் சின்னப் பங்குகூட வராது.

இன்னொரு பக்கத்துச் சீலுக்குக் கிளட்சைக் கழற்ற வேண்டும். அதில் மரை பெரும்பாலும் இடதுபுற மரை, வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். பிஸ்டன் சுற்றாமல் நிற்க வேண்டும் என்று இரும்பை உள்ளே கொடுக்கக் கூடாது. பிஸ்டன் மேலேறி, புகைத் துவாரத்தை அடைத்த பிறகு, பிளக் ஓட்டை வழியாக ஸ்டார்ட்டர் கயிற்றை மடித்து மடித்து உள்ளே விட்டால் பிஸ்டன் அதில் மெத்தென்று மோதி நின்றுகொள்ளும். அதற்கு முன்பே கயிற்றை விட்டால் துவாரத்தில் சிக்கி நறுக்கிவிடும்.

பிஸ்டன் பிடித்தே வந்தாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. சிலிண்டரின் உள்பூச்சு கெட்டியானது. பல சமயம் கோடு போலத் தெரிவது பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம்தான். கடையில் விற்கும் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் அலுமினியம் பொங்கிக் கரையும், பூச்சு பெரும்பாலும் நிற்கும். பூச்சே பெயர்ந்திருந்தால் ஆசிட் சிலிண்டரைத் தின்றுவிடும், அப்போது புது சிலிண்டர்தான். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல், காற்றோட்டம் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

செயின் தீட்டுவது பற்றி நாள் முழுக்கப் பேசலாம். மற்ற மரத்தில் வைரம் நடுவில் இருக்கும், தென்னையிலும் பனையிலும் வைரம் வெளியே, நடுவில் சோறு. பல் முதலில் மோதுவதே வைரத்தில்தான். போதாக்குறைக்கு அடிமரத்தில் மண் அப்பியிருக்கும். அறுக்கும்போது சில்லுச் சில்லாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது, இனி மிஷினை அழுத்தி அறுப்பது எஞ்சினுக்கும் கைக்கும் கேடு. '325' என்று அளவு குறித்த செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் ரவுண்டு அரம், சின்ன மிஷின்களின் லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர். 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவு இழுப்பு. ஒரு பக்கத்துப் பல் குட்டையாகிவிட்டால், செயின் சுற்றி ஓடும் தகடான பார் மரத்துக்குள் கோணலாகப் போகும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேடு எத்தனை ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்கிறது. அது பல்லை விட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லைத் தீட்டிவிட்டு இந்த மேட்டை மறந்துவிடுகிறார்கள், அப்புறம் தீட்டியும் அறுக்கவில்லை என்கிறார்கள்.

இந்தப் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் பகுதியில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ், 1946-ல் ஒரு அடிக்கட்டையில் வண்டின் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துப் பச்சை மரத்துக்குள் சுலபமாகப் போவதைக் கவனித்தார். அந்தத் தாடையை இரும்பில் செய்து 1947-ல் செயினாக்கி விற்கத் தொடங்கினார். இன்றைக்கும் நாம் மாட்டும் செயின் அந்தக் குடும்பம்தான். தென்னங்குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்து நாசம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் செய்தி படித்த நாளில் செயினைக் கையில் எடுத்து ஒவ்வொரு பல்லாகத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது.

செயினுக்கு வண்டியில் வடித்த வேஸ்ட் ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் பக்கம் நிறைய. அதில் மிதக்கும் இரும்புத் தூள் ஆயில் பம்பை அரிக்கும், செயினிலிருந்து தெறித்து ஆளின் மேலும் படியும். தென்னை நார் வேறு பாரின் ஆயில் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் பாரைக் கழற்றி ஒரு கம்பியால் ஓட்டையைக் குத்திவிடுவது நல்லது.

இனிப் பேட்டரிக்கு வருகிறேன். பேட்டரி டப்பா மேல் 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் என்று விதவிதமாக அச்சிட்டிருப்பார்கள். திறந்தால் உள்ளே ஐந்து வரிசை லித்தியம் செல். ஒரு செல் முழுக்க ஏறினால் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. சராசரியாக 3.6 என்று வைத்தால் 18. சில மலிவு டப்பாக்களில் 88 என்றுகூடப் போட்டிருக்கிறார்கள், நான் திறந்தவற்றில் அதிலும் ஐந்தே வரிசைதான். வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஐந்தும் தொடராக இருப்பதால், ஏரில் பூட்டிய மாட்டில் ஒன்று படுத்துவிட்ட கதையாக, ஒரு வரிசை சரிந்தால் மொத்தமும் நின்றுவிடும். கண்ட்ரோல் போர்டு தன் தேவைக்குச் சில டப்பாக்களில் ஒரே வரிசையிலிருந்து மட்டும் கரண்ட் எடுக்கிறது. மாசக்கணக்கில் மூலையில் கிடந்தால் அந்த வரிசை மட்டும் வற்றிப்போகும். அதனால் டப்பா முனையில் மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. மூடியைக் கழற்றி ஒவ்வொரு வரிசையாக மல்டிமீட்டர் வைக்க வேண்டும்.

தச்சு வேலை செய்யும் ஒரு தம்பி கொண்டுவந்த டப்பாவில் நாலு வரிசை 3.8 வோல்ட். ஐந்தாவது 0.9.

"சார்ஜர்ல போட்டாச் சிகப்பு லைட்டு மினுங்குதுங்ணா. இன்னொரு பேட்டரிய ஒயர்ல முட்ட வெச்சா உசுரு வந்துருமாமா, வீடியோல காட்டறாங்க."

உயிர் வரத்தான் செய்யும். அதற்கப்புறம்தான் ஆபத்து. 2 வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்த செல்லில், உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட்டுக்கு வழி வைக்கும். இன்றைக்கு ஏறும், நாலு நாள் வேலையும் செய்யும், பிறகு ஒரு நாள் மரத்தூளும் வார்னிஷும் நிறைந்த பட்டறையில் ராத்திரி சார்ஜில் இருக்கும்போது சூடேறித் தீப்பிடிக்கலாம். சார்ஜர் மறுப்பது அதனால்தான். அதை ஏமாற்றி ஏற்றிவிட்டுப் பழுது பார்த்ததாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தம்பிக்குக் கோபம்தான் வந்தது, ஒரு பேட்டரியின் விலை அவனுக்கு லேசில்லை. ஆனாலும் அந்த வரிசையை வெட்டி எடுத்துவிட்டேன்.

2 வோல்ட்டுக்கு மேலே, சமீபத்தில் இறங்கிய வரிசையாக இருந்தால் வேறு கதை. அந்த வரிசைக்கு மட்டும் 0.2 ஆம்பியரில் மெதுவாகக் கொடுத்து 3 வோல்ட்டுக்குக் கொண்டுவருவேன், தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சூடானால் அத்தோடு நிறுத்தம். சூடாகாமல் 4.2 வரை ஏறினால், வெளியே மண்தொட்டியில் இரண்டு வாரம் சும்மா வைப்பேன். 4.1-க்குக் கீழே இறங்கிய செல்லைக் கழித்துவிடுவேன். இந்த இரண்டு வாரம்தான் உண்மையான பரிசோதனை. பொறுமை இல்லாதவர்கள் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள். சிலசமயம் செல் ஐந்தும் நன்றாக இருந்து, வெப்பத்தைப் பார்க்கும் தெர்மிஸ்டரின் ஒயர் விட்டிருக்கும். ஒரு துளி ஈயத்தில் வேலை முடியும், அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்காது.

மாற்றும் செல் எது என்பதில் கறாராக இருக்க வேண்டும். லேப்டாப் பேட்டரியில் உரித்த செல் அளவில் அப்படியே பொருந்தும், ஆனால் டிரில் ஒரே மூச்சில் கேட்கும் கரண்ட்டை அதனால் தர முடியாது. சாம்சங் 25ஆர் போன்ற செல் 2500 மில்லி ஆம்பியர் ஹவர்தான், ஆனால் 20 ஆம்பியர் கொடுக்கும், நமக்கு வேண்டியது அதுதான். 9900 என்று அச்சிட்டு விற்கும் 18650 செல் அத்தனையும் பொய். 18 மில்லிமீட்டர் குறுக்கும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைக்குள் அவ்வளவு அடைக்க வழியே இல்லை. தராசில் வைத்தாலே தெரிந்துவிடும், நல்ல செல் 45 கிராம் பக்கம் நிற்கும்.

செல்லில் நேராக ஈயம் வைக்கக் கூடாது, சூடு உள்ளே இறங்கிக் கெடுத்துவிடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும். என் வெல்டர், பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரில் செய்தது. உயர் வோல்ட் சுற்றை முழுக்க அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் தடித்த வெல்டிங் கேபிளை இரண்டே சுற்று விட்டது. அந்த அடுப்பின் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும், விஷயம் தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம். காயில் சுற்றுவது எங்கள் பக்கத்தில் கைப்பழக்கம். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்து, 1937-ல் கோவையில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் இங்கே கிடையாது. அந்தக் கடைகளில் நின்று பார்த்துத்தான் நானும் கற்றேன்.

என்னை நிஜமாக வருத்துவது ஒன்று உண்டு. சில டப்பாக்களில் போர்டு சார்ஜ் தோல்விகளை எண்ணி வைத்துக்கொண்டு, நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கிறது. பிறகு நல்ல செல்லைப் போட்டாலும் திறக்காது. பாதுகாப்புக்கு மறுப்பது நியாயம். சரிசெய்த பிறகும் மறுப்பதில் என்ன நியாயம்? 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், வாகனங்கள், செல்போன்கள், வீட்டு சாதனங்கள் என்று நான்கு துறையைச் சொன்னார்கள். தச்சருக்கும் பிளம்பருக்கும் சோறு போடும் பேட்டரி டூல்களையும் அதில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கழித்த செல்களின் இரு முனையிலும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் வைக்கிறேன். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பவரின் பொறுப்பு. டூல் வாங்கிய கடையிலேயே கேளுங்கள், கேட்கக் கேட்கத்தான் வாங்குவார்கள். கோடையில் தகர ஷெட்டுக்குள் பேட்டரியை வைக்காதீர்கள். கரூர், ஈரோட்டுப் பக்கம் வெளியிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. பாதி சார்ஜில், ஓட்டு வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வையுங்கள்.

இப்போது மேஜை மேல் கிடப்பது முதுகில் மாட்டி மருந்தடிக்கும் ஸ்பிரேயர். அதில் இருந்த 12 வோல்ட், 8 ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரி, இரண்டு பருவத்துக்கு நடுவே சார்ஜ் இல்லாமல் கிடந்து சல்பேட் கட்டிவிட்டது. அதன் எடை மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். அந்த இடத்தில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கை வைக்கப் போகிறேன். தொடராக 12.8 வோல்ட் வரும், சுமப்பவரின் தோளில் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். பழைய சார்ஜர் இதற்கு ஆகாது, 14.6 வோல்ட்டில் நின்றுகொள்ளும் சார்ஜர் வேண்டும். அது வந்ததும் மாட்டி, ஒரு டேங்க் வெறும் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.